ஏற்றி முடியாத வைக்கோல்

பிடுங்கிப் போட்ட வெங்காயத்தின் காரம் மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் ஊரல்ல, நான் ஒருபோதும் கண்டிராத ஒரு பிரெஞ்சுக் கிராமம். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போரில் காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, மருதனார்மடத்தில் ஓர் அறைக்குள் நாங்கள் அடங்கிக் கிடந்த காலம் அது. சுவர் வெடிப்பை மறைக்க அம்மா சந்தையில் பழைய கலண்டர் படமொன்றை வாங்கிவந்து மாட்டினார். மஞ்சள் வயல், பாதி ஏற்றிய வைக்கோல் வண்டி, அதன்மேல் நிற்கும் ஒருவன், குனிந்து வைக்கோல் வாரும் ஒரு பெண், மூலையில் கறுத்துக்கொண்டு வரும் வானம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில், தேவதைகளையும் அரசர்களையும் விட்டுவிட்டு வயலில் உழைக்கும் கமக்காரரை உள்ளது உள்ளபடி வரையத் தொடங்கிய ஓவியர்களில் ஒருவருடையது அது என்று பின்னாளில்தான் படித்து அறிந்தேன்.

அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; ஊரை விட்டு வந்த நாள் முதல் அவர் வாயே திறக்கவில்லை. மனிதர் இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று அம்மா பயந்துகொண்டிருந்தார். ஒருநாள் பின்னேரம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றவர் திடீரென்று சினந்தார்.

"வானம் இருட்டுது, உவன் இன்னும் ஏத்தி முடிக்கேல்லை. அயலட்டையிலை ஒருத்தரும் இல்லையோ?"

மழை கறுத்தால், வயலில் காயும் வெங்காயம் யாருடையது என்று பாராமல், வேலிச்சண்டையில் முகம் பாராதவர்கள்கூட ஆளுக்கொரு தார்ப்பாயை, எங்கள் பேச்சில் "படங்கு", தூக்கிக்கொண்டு மூட ஓடிவருவது எங்கள் ஊர் வழக்கம்.

"இஞ்சாருங்கோ, படத்திலை மழை பெய்யாது," என்றார் அம்மா.

"எங்கடை வெங்காயத்துக்குப் பெய்ததுதானே. பிடுங்கிப் போட்டபடி விட்டிட்டு வந்தம். மூட ஆர் இருந்தது?"

சொல்லிவிட்டு ஐயா அழுதார். அதன்பிறகு மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் "வைக்கோல் நனைஞ்சுதோ?" என்று கேட்பார், படத்தைப் பார்த்துவிட்டு "இல்லை ஐயா!" என்று கத்துவேன். அந்தக் கேள்விக்காகவே நான் வீட்டுக்கு ஓடிவருவேன்.

காணி இப்போது திரும்பக் கிடைத்துவிட்டது. பற்றை வெட்டி, மறுபடி வெங்காயம் நட்டிருக்கிறோம். பார்க்க ஐயா இல்லை. அயலவரில் பாதிப்பேர் கடல் கடந்துவிட்டதால், மழை கறுத்தால் படங்கு தூக்கி ஓடுவது நானும் அம்மாவும்தான்.

புதுவீட்டுச் சுவரிலும் அதே படம் தொங்குகிறது. யன்னல் வெயில் பட்டுப் பட்டு மஞ்சளெல்லாம் போய், வயலில் வைக்கோல் கிடந்த சுவடே இல்லை. மேகம் மட்டும் நீலமாக நிற்கிறது. போன கிழமை அதைத் தூசி துடைத்த அம்மா, துணியும் கையுமாகக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏத்தி முடிச்சிட்டினம் போலை," என்றார். "ஐயாட்டைச் சொல்லவேணும்."