கேள்வி கேட்ட பலகை

எனக்குச் சோறு போட்டது சத்தம்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பத்துக்குப் பத்தில் ஒரு கடை வைத்திருந்தேன். ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்வேன்; மைக் செட் வாடகைக்கு விடுவேன். பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டு, பக்கத்துப் பந்தலைவிட என் பாட்டு உரக்கக் கேட்கிறதா என்று ரோட்டில் நின்று பார்ப்பேன். முப்பது வயதுகூட ஆகவில்லை. வாய் மட்டும் நீளம்.

மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அடி அண்ணாமலையில் ஒரு பந்தலுக்கு மனைவியையும் குழந்தையையும் கூட்டிப் போயிருந்தேன். குழாய்க்கு நேர் கீழே ஜமுக்காளத்தில் குழந்தை நன்றாகத் தூங்கிவிட்டாள். பந்தல்காரர் பதறிப்போய், "கொழந்தய அந்தாண்ட தூக்குங்க, இந்தச் சத்தத்துல முழிச்சுக்கப் போவுது" என்றார்.

நான் சிரித்தேன். "மைக் செட்காரன் பொண்ணுங்க. சத்தம் இல்லன்னாதான் அதுக்குத் தூக்கம் வராது."

எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் இதையே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இருக்கிற மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி இதே மாதிரி பெருமை பேசுவார்கள். அதனால் அதில் பயப்பட ஏதாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு மூன்று வயது முடிந்த சமயம், பக்கத்துச் சந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா கடைக்கு வந்தார். கையில் பெரிய சிலேட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பலகை. அவருடைய மகனின் விளையாட்டுச் சாமான். அவர்கள் ஊர் கரண்டுக்குச் செய்த அடாப்டரை நம் ஊர் பிளக்கில் சொருகியதில் அது புகைந்து போயிருந்தது. நல்லவேளையாகப் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்கம் நான்கு பேட்டரி போடுகிற மாதிரி ஒரு டப்பா வைத்து ஒயர் இழுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டியில் இடமில்லை என்று சைகை காட்டி, அதை என் மகளிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பலகையில் பன்னிரண்டு மிருகங்களின் படம். மாட்டை அமுக்கினால் மாடு கத்தும். ஒரு பெண்குரல் இங்கிலீஷில் அதன் பெயரைச் சொல்லும். மேலே இருக்கிற பச்சைப் பொத்தானை அமுக்கினால் பலகையே நம்மைக் கேள்வி கேட்கும். நாய் எங்கே? யானை எங்கே? சரியான படத்தில் விரலை வைத்தால் எல்லா விளக்கும் மின்னி ஒரு மெட்டு வாசிக்கும். பதில் தெரியாமல் குழந்தை முழித்தால், மூன்று விநாடி கழித்து அந்தப் படத்தின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு ஒரே ஒரு தடவை கண் சிமிட்டும். அதை முதல் நாளே கவனித்தேன். என்ன மூளைடா இவனுங்களுக்கு என்று செய்தவனை மெச்சிக்கொண்டேன். அத்தோடு சரி.

என் மகள் ஒரே வாரத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் சரியாக அமுக்கினாள்.

அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. 'ம்ம்', 'ஆ' என்று குரல் எழும்பும். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள். என் மனைவி வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவிப் பார்த்தாள். மலை சுற்றும்போது எட்டு லிங்கத்திடமும் வேண்டிக்கொண்டாள். எனக்கும் உள்ளே நடுக்கம்தான். அது வெளியே தெரியாமல் இருக்கத்தான் வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன் என்பது இப்போது புரிகிறது. பலகை வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. கடைக்கு வருகிறவர்கள், "இன்னும் பேசலியா?" என்று கேட்டால், அவளை பெஞ்சில் உட்கார வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுவேன். அவள் கொஞ்சம் நிதானித்து விரலை வைப்பாள்.

"யோசிச்சு அமுக்குறா பாத்தீங்களா? தமிழே இன்னும் பேசல, அதுக்குள்ள இங்கிலீஷ் புரியுது" என்பேன். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு போவார்கள்.

ஒரு மத்தியானம் பலகையின் ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் காகிதக் கூம்பு கிழிந்திருந்தது. ஒயர் இரண்டையும் சால்டரிங் அயனால் விடுவித்து ஸ்பீக்கரை வெளியே எடுத்தேன். அதே அளவில் வேறொன்று இருக்கிறதா என்று அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில், அவள் மேசையிலிருந்த பலகையை இழுத்துப்போய்த் தரையில் வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

பலகை கேள்வி கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அதன் வாய் என் கையில் இருந்தது. அவள் காத்திருந்தாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. யானையை அமுக்கினாள். விளக்கெல்லாம் மின்னியது, மெட்டு மட்டும் இல்லை. எப்போதும்போல என்னைப் பார்த்துச் சிரித்துக் கை தட்டினாள். அடுத்து நாய். அடுத்து குதிரை. பன்னிரண்டும் சரி. ஏன் சத்தம் வரவில்லை என்று ஒரு தடவைகூட அவள் பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை. என்னை நிமிர்ந்து கேட்கவும் இல்லை.

கையிலிருந்த ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தேன்.

அவள் பின்னால் போய் நின்று கையைத் தட்டினேன். திரும்பினாள். அப்பாடா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு பார்த்தால் வாசல் வெயிலில் என் நிழல் அவள் மடியில் விழுந்திருந்தது. நிழல் விழாத பக்கமாக நின்று தட்டினேன். திரும்பவில்லை. தகர டப்பாவை ஸ்குரூ டிரைவரால் அடித்தேன். அதற்கும் இல்லை. காலால் தரையை உதைத்தேன், திரும்பினாள். தரையின் அதிர்வு அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கே புரிந்தது. ஒவ்வொரு தடவையும் போன உயிர் வந்தது, வந்த வேகத்தில் மறுபடியும் போனது.

அப்போதாவது டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். மைக் செட்காரன் புத்தி மைக் செட்டுக்குத்தான் போகும். ஆம்ப்ளிஃபயரை இழுத்துவைத்து, குழாயை அவள் முதுகுக்குப் பின்னால் சற்றுத் தள்ளித் திருப்பி, வால்யூமைப் பாதி வரைக்கும் ஏற்றி, மைக்கில் "ஹலோ" என்று கத்தினேன். எதிர் டீக்கடையில் கிளாஸ் உடைந்தது. ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். என் மகள் லேசாகத் தலையைத் தூக்கி, மேலே ஏதோ போகிற மாதிரி கூரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஆட்டை அமுக்கினாள்.

நான் வால்யூமை இன்னும் திருப்பப் போனேன். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"மைக்க அணைங்க. இருக்கற கொஞ்சத்தையும் கெடுத்துடாதீங்க."

"இன்னா கொஞ்சம்?"

"அவளுக்குக் காது கேக்கலங்க. எனக்குத் தெரியும். நீங்க வெளிய வேலைக்குப் போனதும் அவ முதுகுக்குப் பின்னாடி குண்டான்ல கரண்டியால அடிச்சு அடிச்சுப் பாப்பேன். ஒரு நாள்கூட திரும்பினது இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அதற்கும் கத்தினேன்.

"ரெண்டு வாட்டி சொன்னேன். எம் பொண்ண செவிடாக்கப் பாக்கறியான்னு கத்துனீங்க. அப்புறம் இந்தப் பொம்மை வந்துச்சு. இத அமுக்க வெச்சு, இப்ப இன்னா சொல்றன்னு கேட்டீங்க. அதப் பாத்து எனக்கே ஆசை வந்துடுச்சு. நாந்தான் தப்பா நெனச்சிக்கினேன்னு கரண்டியால அடிக்கறத வுட்டுட்டேன்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த இரண்டு தடவையும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பயத்தில் நான் அவள் வாயை அடைத்தேன், பலகை வந்த பிறகு அதை வைத்தும் அடைத்தேன். ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்து ஆட்டியது வேறு பயம். 'இருக்கற கொஞ்சத்தையும்' என்று அவள் சொன்னது காதில் விழுந்த உடனே அடி அண்ணாமலைப் பந்தல் கண் முன்னால் வந்துவிட்டது. குழாய்க்குக் கீழே அந்தக் குழந்தையைப் படுக்க வைத்தவன் நான்தானே. என் பிள்ளையின் காதை என் தொழிலே தின்றுவிட்டதா? இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் வேலூருக்கு பஸ் ஏறினோம். குழந்தை ஜன்னல் ஓரமாக என் மடியில் உட்கார்ந்து வெளியே மாடு தெரியும்போதெல்லாம் கண்ணாடியை விரலால் அமுக்கினாள். போளூர் தாண்டும்வரை டிரைவர் ஏர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தேன். மனைவியும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற அறைக்குச் சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தியதும் என் சொந்தக் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. சோதனை செய்கிற அம்மா குழந்தைக்கு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பாசிமணியைக் கொடுத்து, சத்தம் கேட்டால் கிண்ணத்தில் போட வேண்டும் என்று செய்துகாட்டிப் பழக்கினார். உடனே இவள் போட ஆரம்பித்தாள். ஆனால் அந்த அம்மா நாலைந்து மணி விழுந்ததும் சிரித்துவிட்டு, "ரொம்பக் கெட்டிக்காரிங்க. எம் மூஞ்சியப் பாத்துப் போடறா" என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

அதன்பிறகு மணி விழவில்லை. அவள் அதைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளக்கு சிமிட்டட்டும் என்கிற மாதிரி சுவரையே பார்த்திருந்தாள். அந்த அம்மா ஒரு சக்கரத்தைத் திருப்பித் திருப்பி மேலே கொண்டுபோனார். எவ்வளவு ஏற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும், அது என் தொழில். இதற்குமேல் ஏற்றமுடியாது என்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கிண்ணத்தில் ஒரு மணி விழுந்தது. மறுபடியும் ஒன்று விழுந்தது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு காதும் ரொம்பக் கம்மி. முழுசாப் போயிடல. காது மிஷின் மாட்டி, விடாம பயிற்சி குடுத்தா பேச்சு வரலாம். எவ்ளோ வரும்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டு வருசம் முன்னாடியே கொண்டாந்திருக்கணும்" என்றார் அவர்.

மனைவி குழந்தையைத் தண்ணீர் குடிக்க அழைத்துப்போகும்வரை காத்திருந்து, கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நான் மைக் செட் வெச்சிருக்கேங்க. ஒன்றர வயசுல கொழாய்க்குக் கீழ தூங்கியிருக்கா. அதனாலயா இப்படி ஆச்சு?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்பவே காது கேக்காததாலதான் தூங்கியிருப்பா. கேட்டிருந்தா அழுதிருப்பா. பொறவியிலேர்ந்தே இருக்கும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா அது காரணமே இல்லன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதுங்க."

அந்தப் பதில் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மூன்று பந்தல் ஒத்துக்கொண்டிருந்தேன். மரத்தில் ஏறியவன் குழாயைக் கட்டாமலே கீழே இறங்கிவிட்டேன். மூன்று பேரிடமும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

காதுக்கு அச்சு எடுத்து மிஷின் வர மூன்று வாரம் ஆனது. அந்தக் காலத்து மிஷின் ஒரு சின்னப் பெட்டி. அதை நெஞ்சில் மாட்டி, இரண்டு ஒயரை இரண்டு காதுக்கும் கொண்டுபோக வேண்டும். அதே அம்மா எல்லாவற்றையும் மாட்டி, பெட்டியின் ஓரத்திலிருந்த வால்யூம் சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "அப்பா கூப்பிடுங்க" என்றார்.

"அம்மாடி" என்றேன். குசுகுசுவென்றுதான் வந்தது. அவள் பெட்டியை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சத்தமாங்க."

எனக்குக் குரல் எழும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டும் அவள் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று பயம். திரும்பினால், மிச்சம் இருக்கிறதையும் என் குரல் கெடுத்துவிடுமோ என்று அதைவிடப் பயம். மனைவி என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"உங்க பயத்துக்காக அவள இன்னும் எவ்ளோ நாளு காக்க வெக்கப் போறீங்க?"

"அம்மாடி!"

குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் இரண்டும் விரிந்தது. பெட்டியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள். வீல் என்று அழுதாள். தன் அழுகையும் காதில் விழுந்ததால் இன்னும் மிரண்டு இன்னும் பெரிதாக அழுதாள். நான் மண்டி போட்டு அவளை இழுத்துக்கொண்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் உள்ளங்கையை என் வாய்மேல் வைத்து, பலம் கொண்ட மட்டும் அமுக்கினாள்.

"கூப்பிடுங்க, நிறுத்தாதீங்க" என்றாள் மனைவி.

அந்தக் கைக்குள்ளேயே, மெதுவாக, இன்னொரு தடவை கூப்பிட்டேன். கையை எடுக்காமலே அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள்.