எதிர்வீட்டுச் சாட்சி

விசாவுக்கு வேண்டிய காகிதங்களில் கடைசியாக மிச்சம் இருந்தது சால்வென்சி சர்டிபிகேட். மகளை வெளிநாட்டில் படிக்கவைக்கும் அளவுக்கு அப்பாவுக்குச் சொத்து இருக்கிறது என்று தாசில்தார் கொடுக்கும் சான்று. பேங்க் கடிதம் வந்துவிட்டது, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், செலவுக்குப் பொறுப்பேற்று அப்பா எழுதிய அஃபிடவிட்டும் தயார். தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டு, இதுவும் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வி.ஏ.ஓ. நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை அனுப்பும் யோசனையையே கைவிட்டிருப்பார்.

ஏனென்றால் முடிச்சூர் ரோட்டில் இருந்த எங்கள் காலனியைப் பொறுத்தவரை எனக்கு முழு ஸ்காலர்ஷிப்.

உண்மையில் கிடைத்தது பாதிக் கட்டணத் தள்ளுபடி. மீதிக் கட்டணம், சாப்பாடு, வாடகை எல்லாம் எங்கள் தலையில்தான். அந்தக் கடிதம் வந்த வாரம் பால் பூத் வரிசையில் காலனி சங்கத்துச் செக்ரட்டரி, "ஸ்காலர்ஷிப்பாமே, ஃபுல்லா சார்?" என்று கேட்டார். "ஆமா சார், ஃபுல்" என்றார் அப்பா. நான் பக்கத்தில் பையோடு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பால் கார்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். பால் கார்டில் படிக்க என்ன இருக்கிறது?

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தன்னைப் பற்றி ஒருநாளும் பீற்றிக்கொள்ளாத சர்க்கார் குமாஸ்தா அவர். என்னைப் பற்றி ஒரே ஒரு வார்த்தையை அதிகமாகச் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத் தமிழ்ப் புத்தாண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வீடு வசூல் செய்து ஒரு நீல சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் கடின உழைப்பைப் பற்றிப் பேசினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எதிர்வீட்டில் என் வயதில் ஒருத்தி இருந்தாள். ரெண்டு பேருக்கும் ஒரே கல்லூரி, ஒரே மின்சார ரயில். விண்ணப்பங்களைக்கூட அவள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துதான் நிரப்பினோம். அவளுக்கும் இடம் கிடைத்தது, உதவித்தொகை மட்டும் இல்லை. விழா முடிந்த சில நாளில் அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கிள் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"ஒரே யோசனையா இருக்கு சார். வீட்டைக் காட்டி, லோன் போட்டு அனுப்பலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பா என்ன சொல்வார்? ஃபுல் என்று சொல்லியாகிவிட்டதே.

"மெரிட்ல கெடச்சா அனுப்பலாம் சார். வீட்டை நம்பி அனுப்பறது ரிஸ்க். இங்க இல்லாத காலேஜா?"

நான் காபியைக் கொண்டுவந்து வைத்தேன். அங்கிள் தலையாட்டிக்கொண்டே குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவள் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார். அப்பா ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். மொபெட்டை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார். வயலுக்கு அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு.

"இன்னா சார், பொண்ணு படிப்புக்கா? செலவு பூரா நீங்கதானே பாக்கப் போறீங்க? வூடு உங்க பேர்லதானே கீது?"

அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டலாக ஆட்டினார்.

"அக்கம்பக்கத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும். தோ, எதிர் வூட்டுல சார் கீறாரே. சார்! கொஞ்சம் வர்றீங்களா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அங்கிள் அதை மடித்து வைத்துவிட்டு வந்தார். வி.ஏ.ஓ. எழுதியதைத் தெருவுக்கே கேட்கப் படித்தார்: "மேற்படியார் தன் மகளின் மேல்படிப்புச் செலவு முழுவதையும் தன் சொந்தப் பொறுப்பில் செய்யக்கூடிய வசதி உள்ளவர் என்பது எனக்குத் தெரியும். சரியா சார்? தெரியும்ல?"

அங்கிள் காகிதத்தை வாங்கித் தானும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்பா கேட்டின் தாழ்ப்பாளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். தெரியாது என்று அங்கிள் சொல்லியிருந்தால் என் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை. போடாமல் போய்விடுவாரோ என்ற பயம்தான் வந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் வெட்கப்பட்டேன்.

"தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மொபெட் தெருமுனை திரும்பும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அங்கிள் எங்கள் வீட்டையும் தன் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே வருஷம் கட்டினது சார், ரெண்டும். ஒரே அளவு மனை. இப்படின்னு தெரிஞ்சிருந்தா நானும் என் வீட்டைக் காட்டியிருப்பேனே."

குரலில் கோபமே இல்லை. ரெண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை. அப்பா "சார்..." என்றார். அன்று அவர் ஆபீசுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று அவள் வேலையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து வீட்டுக்குள் அடைந்துகொள்வேன். விசா நேர்காணலில் அந்த அதிகாரி பேங்க் கடிதத்தை மட்டும் புரட்டிவிட்டு மற்றதைக் கட்டோடு என்னிடம் தள்ளினார். தாசில்தார் சான்றை அவர் பிரிக்கக்கூட இல்லை.

அன்று மாலை தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கிக் காலனிக்கு வந்தபோது அவள் தன் வீட்டு கேட்டில் எனக்காகவே நின்றிருந்தாள். தப்பிக்க வழி இல்லை.

"கெடச்சுதாடி?"

"கெடச்சுது."

ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "தெரியும்டி எனக்கு. ஃபுல் ஸ்காலர்ஷிப் வாங்கினவளுக்கு விசா தராம வேற யாருக்குத் தருவாங்க?"

அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அங்கிள் சொல்லவே இல்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அவள் தோளுக்குப் பின்னால், வாசலில் அங்கிள் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தார்.

"ஆமாண்டி" என்றேன்.