சிட்னி வீடும் மெல்பேர்ண் வீடும்

மகள் வயிற்றில் இருந்தபோது, நாலாம் மாதத்தில், சிட்னியில் நாங்கள் இருந்த வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. பென்டில் ஹில்லில், ரெயில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், ஒரு பழைய செங்கல் பிளாட். நானும் கணவரும் மூன்று வருடம் அதில் இருந்தோம். வாடகையை ஒரு நாள்கூடப் பிந்திக் கட்டியதில்லை.

அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் நான் வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தேன். படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியிருந்தது. எவ்வளவு துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு இருமல் நிற்கவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிற காரணத்தைச் சொல்லி, படங்களும் இணைத்து, மிகவும் பணிவாகத்தான் எழுதினேன். ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்தார், தானும் படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வந்தது இந்தக் கடிதம். தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்து தர வேண்டும். ஏன் என்று ஒரு வரியும் இல்லை.

ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். "நாங்கள் ஏதாவது பிழை செய்தோமா?" என்று கேட்டேன்.

"இல்லை, நீங்கள் நல்ல வாடகைக்காரர்கள்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. "சொந்தக்காரர் காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டம் அப்படித்தான்."

அன்று பின்னேரம் கணவர் வேலையால் வந்து கடிதத்தைப் படித்துவிட்டு, "அந்தப் பூஞ்சணத்தைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கலாம்" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அந்த ஒரு வசனம் எனக்குள்ளே இறங்கி இருந்துகொண்டது. வாய் திறந்ததால் வீடு போனது என்று நானும் நம்பிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் வீடு பார்க்கிற வரிசைகளில் போய் நின்றோம். என் வயிற்றைப் பார்த்ததும் சில ஏஜென்டுகளின் முகம் மாறியது போலத் தெரிந்தது. அது என் கற்பனையாகவும் இருந்திருக்கலாம். எட்டு வீட்டுக்கு விண்ணப்பித்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை. கணவர் வேலை செய்த கிடங்குக்கு மெல்பேர்ண் மேற்கிலும் ஒரு கிளை இருந்தது. இடமாற்றம் கேட்டார், கொடுத்தார்கள். ஆறு மாத வயிற்றோடு, காரின் பின் இருக்கையில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்தபடி, மெல்பேர்ணின் மேற்கு ஓரத்தில் இருக்கிற டார்னெய்ட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

புது வீடு. சுற்றிலும் அதே மாதிரிப் புது வீடுகள். ஒப்பந்தத்தில் வீட்டுச் சொந்தக்காரரை 'வாடகை வீடு வழங்குபவர்' என்று எழுதியிருந்தார்கள். "என்ன, ரத்தம் வழங்கிறவர் மாதிரி" என்று கணவர் சிரித்தார். வாடகைக்கு இருப்பவர்களின் உரிமைகள் பற்றி ஒரு சிறு புத்தகமும் தந்தார்கள். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் குசினியில் கரண்டிகள் கிடக்கும் லாச்சிக்குள் போட்டேன்.

மே மாதத்தில் குளிர் இறங்கியது. முதல் கிழமையே வரவேற்பறை ஹீட்டர் இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது. நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவோம் என்று பேசி முடிவெடுக்கவும் இல்லை. இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்னக் காற்று ஹீட்டர் வாங்கி, அறைக்கு அறை தூக்கிக்கொண்டு திரிந்தோம். ஜூனில் மகள் பிறந்தாள்.

பிள்ளை பிறந்து இரண்டாம் கிழமை, குழந்தை நலத் தாதி வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைக்காரப் பெண். தராசைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தவர், தன்னுடைய கோட்டைக் கழற்றவில்லை.

"நிறை பார்க்கப் பிள்ளையின் உடுப்பைக் கழற்ற வேண்டும். முதலில் ஹீட்டரைப் போடுங்கள்" என்றார்.

"அது வேலை செய்யவில்லை."

"எவ்வளவு நாளாக?"

"ஒரு மாதத்துக்கு மேலே."

"ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

வெட்கத்தில் "ஓம்" என்று ஒரு பொய்யைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். அந்தப் பார்வையில் அதட்டல் எதுவும் இல்லை. நான் அழத் தொடங்கினேன். சிட்னி வீடு, பூஞ்சணம், கடிதம், கணவர் சொன்ன அந்த ஒரு வசனம், எல்லாவற்றையும் உடைந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகியிருக்கும். ஆனாலும் மகளைத் தன் கோட்டுக்குள் அணைத்து வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அது நியூ சவுத் வேல்ஸ். இது விக்டோரியா" என்றார். "இங்கே வரவேற்பறையில் வேலை செய்கிற ஹீட்டர் இல்லாமல் ஒரு வீட்டை வாடகைக்கு விடவே கூடாது. அது பழுதானால் அவசரத் திருத்தம். உங்களுக்குச் சின்னப் புத்தகம் ஒன்று தந்திருப்பார்களே?"

லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைத் தேடி, மூலையை மடித்துத் தந்தார். "நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்" என்றார். "நிறையை நாளைக்குக் கிளினிக்கில் பார்ப்போம். அங்கே சூடாக இருக்கும்."

அன்று மத்தியானம் மகளை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்தேன். பிறகு போனில் சிட்னிச் சட்டத்தையும் தேடி எடுத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட், ஒரே காசு. ஆனால் எல்லையைத் தாண்டினால் வாடகைக்காரருக்கு வேறு வாழ்க்கை. அங்கே சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் எழுதிக் கேட்க வேண்டும். இங்கே சாமிப் படத்துக்குக் கொக்கி போட யாரையும் கேட்கத் தேவையில்லை. அங்கே ஹீட்டர் இருக்க வேண்டும் என்றே சட்டம் சொல்லவில்லை. நான் சிட்னியில் அறியாமல் விட்டது ஒன்றும் இருந்தது. திருத்தம் கேட்டதற்குப் பழிவாங்கத்தான் நோட்டீஸ் தந்தார்கள் என்று நினைத்தால், அங்கேயும் வாடகை வழக்குகளைக் கேட்கிற ட்ரிபியூனலுக்குப் போயிருக்கலாம். அதைப் படித்தபோது கோபம் வந்தது. கூடவே ஒரு பாரமும் இறங்கியது. அன்று நான் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

கணவர் வந்ததும், ஏஜென்டுக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"சும்மா இரும். கைப்பிள்ளையோட திரும்பவும் வீடு தேட ஏலாது."

"இஞ்ச காரணம் இல்லாமல் எழுப்பேலாது. வாசிச்சுப் பாருங்கோ."

"சட்டம் புத்தகத்தில இருக்கும். வீடு அவையின்ர கையில இருக்கு."

மகளை அவருடைய கையில் கொடுத்தேன். குளிர்ந்திருந்த அவளுடைய குட்டிப் பாதங்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு, "எழுதும். என்ர பேரையும் போடும்" என்றார்.

மின்னஞ்சலை அனுப்பினோம். அடுத்த நாள் பகல் முழுக்கப் பதில் இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வாசலில், தலைப்பாகை கட்டிய உயரமான மனிதர் ஒருவர், கையில் எண்ணெய் ஹீட்டருடன் நின்றார். வீட்டுச் சொந்தக்காரர். பஞ்சாபிலிருந்து வந்து லொறி ஓட்டுகிறவர். அதுவரை நாங்கள் அவரைக் கண்டதில்லை.

"மெக்கானிக் மத்தியானம் வருவார். அதுவரைக்கும் இதை வைத்திருங்கள், எங்கள் வீட்டு ஹீட்டர்" என்றார். உள்ளே வந்து, ஹீட்டரைச் செருகி, அது சூடேறும் வரைக்கும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முறைப்பாடு தொடங்கியது. "இந்த மாநிலத்தில் சொந்தக்காரன் மூச்சு விடுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. என் தம்பி சிட்னியில் வீடு வைத்திருக்கிறான். அவனுக்கு இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை."

அந்த நேரம் பார்த்து மகள் சிணுங்கினாள். அவர் எட்டிப் பார்த்தார். "எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"பதினைந்து நாள்."

"இந்தக் குளிருக்குள்ளேயா? ஏன் ஒரு மாதம் சொல்லாமல் இருந்தீர்கள்? நான் என்ன மிருகமா?"

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மத்தியானம் மெக்கானிக் வந்தார். இரண்டு மணிக்கெல்லாம் வரவேற்பறை சூடாகிவிட்டது. நான் மகளின் உடுப்பைக் கழற்றி, ஒரு துணியும் இல்லாமல், நிலத்தில் விரித்த சால்வையில் கிடத்தினேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் கையையும் காலையும் முழுதாக நீட்டினாள். கணவர் இடைவேளையில் போன் எடுத்தபோது அவளுடைய சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோம். பிறகு அவர் வீட்டை விற்றார். வீட்டுக் கடன் வட்டி ஏறிவிட்டதென்று அவரே வந்து சொன்னார். நோட்டீஸிலும் விற்பனைதான் காரணம் என்று எழுதியிருந்தது, விற்பனை ஒப்பந்தத்தின் பிரதியும் கூட இருந்தது. நாட்கணக்கில் பார்த்தால் சிட்னிதான் தாராளம். அங்கே தொண்ணூறு நாள் தந்தார்கள், இங்கே அறுபதுதான். ஆனாலும் இந்தக் கடிதத்தைப் படித்தபோது கவலைதான் வந்தது, அவமானம் வரவில்லை. நாங்கள் என்ன பிழை செய்தோம் என்று இரவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது சிட்னியிலும் காரணம் சொல்லாமல் எழுப்ப முடியாதென்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கணவர்தான் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

அடுத்த வீடு நாலு தெரு தள்ளிச் சுலபமாகக் கிடைத்தது. "நல்ல குடும்பம், வீட்டில் ஏதும் பழுதென்றால் உடனே சொல்வார்கள்" என்று எங்கள் சொந்தக்காரர் எங்களுக்காக எழுதித் தந்திருந்தார். வீடு மாறிய அன்று பழைய வீட்டின் கதவுத் திறப்புக் கொத்தைத் திரும்ப வாங்க வந்தவர், லொறிக்காரர் அல்லவா, எங்கள் சாமான்கள் ஏற்றியிருந்த விதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கட்டிலையும் அலுமாரியையும் இறக்கி, முதலிலிருந்து ஒழுங்காக ஏற்றி, கயிறு இழுத்துக் கட்டித் தந்த பிறகுதான் திறப்பைக் கையில் வாங்கினார்.