ரிக் வண்டியில் போன முறுக்கு

என் கையால் பிழிந்த முறுக்கு இதுவரை வட்டமாக வந்ததில்லை. கோபத்தில் போட்ட கையெழுத்து மாதிரி வரும். ஆனாலும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு அச்சு என்னிடம்தான் இருக்கும். அது புஜபலம் வேண்டிய வேலை. மூளை வேண்டிய வேலைகளை என் மனைவி என்னிடம் கொடுப்பதில்லை. தெருவில் எட்டு வீடுகளுக்கு முறுக்கும், வெல்லப்பாகில் மாவைப் பிசைந்து சுட்ட கச்சாயமும் கொடுப்போம். எள் வறுபடும் வாசனை எங்காவது வந்தால், இப்போதும் எனக்கு ஒரு வருடத்துத் தீபாவளி மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த வருடம் என் மைத்துனன் ஊரில் இல்லை. மாமியார் போனபிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பரீட்சைக்கு எழுப்பிவிட்டது வரை எல்லாம் என் மனைவிதான். இன்ஜினியரிங் முடித்தவன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஏதாவது ஏசி அறையில் உட்காருவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் ஏறி மத்தியப் பிரதேசம் போய்விட்டான். கிளம்பும்போது "என்ற மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டாள். அதோடு மூன்று மாதம் பேச்சில்லை. அவன் எனக்குப் போன் செய்தால் மட்டும், சமையலறையில் ஓடும் மிக்சி சட்டென்று நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு படி மாவு அதிகமாகப் பிசைந்தாள். யாருக்கு என்று கேட்டேன். எலிக்கு என்றாள். சற்றுப் பொறுத்து, சாமான் ஏற்றிக்கொண்டு அவன் இருக்கும் முகாமுக்கு இன்னொரு ரிக் வண்டி மூன்று மணிக்குப் புறப்படுகிறதாமே என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பெரிய எவர்சில்வர் சம்படத்தைத் துடைத்து என் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். போகும்போது சொன்னது இவ்வளவுதான்:

"நல்லா ஆறுனதுக்கப்பறம் மூடுங்க. இதத் தின்னுட்டாவது அவன் பேசறானான்னு பாக்கலாம்."

கடைசி ஈடு எண்ணெயிலிருந்து வெளியே வந்தபோது டிரைவர் போன் செய்தார். கிளம்பிவிட்டாராம், வருகிறீர்களா, போகட்டுமா என்றார். நான் முறுக்கை அள்ளிச் சம்படத்தில் போட்டு அழுத்தி மூடினேன். கைக்கு எட்டிய சின்ன டப்பாவிலும் மிச்சத்தைக் கொட்டி மூடினேன். சம்படம் தொடையைச் சுட்டதால் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். திரும்பி வந்ததும், ஆறியதா என்று கேட்டாள்.

"ஐஸ் மாதிரி ஆறிருச்சு" என்றேன்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் நான் வெப்பவியல் நடத்துகிறேன். ஆவியை மூடி வைத்தால் அது எங்கே போகும் என்று வருடத்துக்கு அறுபது பேரிடம் கேட்டு, தெரியாதவர்களை வெளியே நிற்க வைக்கிறவன் நான்.

மறுநாள் காலை சின்ன டப்பாவைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது. முறுக்கு ரப்பர் வளையம் போல வளைந்ததே தவிர உடையவில்லை. சாட்சியை அழிப்பது ஒன்றுதான் வழி. பத்தொன்பது முறுக்கை நின்ற இடத்திலேயே தின்றேன். அவ்வளவு நன்றாகவா இருந்தது என்று அவள் கேட்டாள். ரொம்ப என்றேன். வாயில் மாவு அப்பிக்கொண்டதால் அதற்கு மேல் பேச முடியவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. நான் சின்ன டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

நாலு நாள் போயிற்று. வண்டி போய்ச் சேர்ந்த தகவல் வந்தது, அவன் மட்டும் கூப்பிடவில்லை. அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டே துணி காயப்போட்டாள். இன்னும் கோபம் தீரவில்லை போல என்று ஒருமுறை சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் காபி கேட்டேன்.

தீபாவளியன்று அவள் என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அவளுடைய போன். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா."

"ம்."

"சம்படம் வந்துச்சு."

"ம்."

"மூடுனது நீயா, மாமாவா?"

அவள் என்னைப் பார்த்தாள். தலையில் எண்ணெய் வழிய நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஓடவும் வழியில்லை.

"ஏன்டா?"

"பூரா நமுத்துப்போச்சு. நீ மூடியிருந்தா நமுத்திருக்காது. மாமாதான்னு அப்பவே சொன்னேன் இவங்ககிட்ட."

போர் ஓடும்போது கொதிக்கிற கம்ப்ரசர் மேல் தகரத்தைப் போட்டு, முறுக்கைப் பரப்பி, திருப்பித் திருப்பிக் காய வைத்தார்களாம். மொறுமொறுவென்று ஆகிவிட்டதாம். லேசாக டீசல் வாடை. உங்கள் ஊர்ப் பலகாரம் இப்படித்தான் மணக்குமா என்று வடக்கத்தி ஆட்கள் கேட்டுக் கேட்டுத் தின்றார்களாம். ரொம்பத் தொலைவில் போர் போட்டதால் டவர் கிடைக்கவில்லை, அதுதான் தாமதம் என்றான். அவள் சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது.

பிறகு அரைமணி நேரம் இருவரும் என்னைப் பற்றி மட்டுமே பேசினார்கள். நான் பாலைப் பொங்கவிட்டது, குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்தது என்று ஒன்றை அவன் எடுத்துக் கொடுத்தால் இரண்டை அவள் சேர்த்தாள். எண்ணெய் என் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக்கூட நான் அசையவில்லை, அசைந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

"இன்னைக்காவது எண்ணெ தேச்சுக் குளிச்சியா, சாமி?" என்றாள்.

குளித்துவிட்டதாகச் சொன்னான். அப்புறம், "பொங்கலுக்கு வாரேன்க்கா" என்றான்.

"வா. மாமாவ அடுப்புப் பக்கமே உடமாட்டேன்."