பாஷை மாறுகிற இடம்

திருப்பதியில் நாங்கள் எம்பிஏ படிக்கும் தனியார் கல்லூரியில் பிசினஸ் எதிக்ஸ் என்றால் தூங்குவதற்கான வகுப்பு. பிரமிளா மேடம் எங்களுக்கு அதை எடுக்க வரும்வரை அப்படித்தான் இருந்தது.

மேடம் பாலசமுத்திரத்துக்காரர். பெற்றோர் கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தார்கள். உளவியல் முடித்து, ஒப்பந்த விரிவுரையாளராக வந்தார். எங்களை எந்த விதியையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நடந்த ஒரு தப்பை எழுந்து சொல்லுங்கள் என்றார்.

நகரியிலிருந்து வரும் தமிழரசு எழுந்தான். "எங்க நைனா தறி ஓட்டிக்கினு கீறாரு மேடம். காட்டன் சேலைக்கு ஆர்டர் வந்துச்சி. நூல் பத்தல. அப்புறம் பாலியஸ்டர் வெச்சி சர்தேசாம்."

"கடைசியில மட்டும் ஏன்டா தெலுங்கு வந்துச்சி?"

சர்தேசாம் என்றால் சரிக்கட்டிவிட்டோம். வகுப்பே சிரித்தது.

"தெரியல மேடம். தானா வந்துச்சி."

"அத தமிழ்ல சொல்லு."

தலையைச் சொறிந்தான். "ஏமாத்திட்டோம்."

வீட்டுமொழியில் சொல்லக் கூசுவதை ஆழ்மனம் நமக்கே தெரியாமல் வேறு மொழியில் பொதிந்துவிடுகிறது, அந்த இடத்தில் நின்று பாருங்கள் என்றார் மேடம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இங்கிலீஷ் வந்தது.

போன மார்ச்சில், ஆறு வருடம் காத்திருந்த அவருடைய நிரந்தர வேலைக் கோப்பு முதல்வர் நரசிம்மனின் மேசைக்குப் போனது. அதே வாரம், வருகை குறைந்த ஒன்பது பேர் வகுப்புக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார் முதல்வர். ஒன்பதில் நானும் ஒருவன்.

நடந்ததை மறுநாள் வகுப்பில் மேடமே சொன்னார்.

"'பசங்க பாவம் சார், நான் மேனேஜ் பண்ணிட்றேன்'னு சொல்லி பேனாவும் எடுத்துட்டேன். மேனேஜ்னா தமிழ்ல இன்னான்னு அப்பதான் தோணுச்சி. பொய்க் கையெழுத்து போட்றேன்னு சொல்ல வாய் வரல. பேனாவ மூடிட்டேன்."

"சார் இன்னா சொன்னாரு மேடம்?" என்றான் தமிழரசு.

"'உன் ஃபைலும் இங்கதாம்மா கீது'ன்னாரு. 'தெரியும் சார், இருக்கட்டும்'னு வந்துட்டேன்."

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு ஒரு செமஸ்டர் போனது. இரண்டு நாள் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். இப்போது ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி கேட்கிறேன். எந்த வகுப்பென்று யார் கேட்டாலும், பிரமிளா மேடம் வகுப்பு என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. மேடம் ஏழாவது வருடமும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்.