மியாவ் என்ற குஞ்சுப் பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஒரு சிறிய கோழிப்பண்ணை வைத்திருந்தேன். தீவனத்தில் கலக்கும் கருவாட்டுத் தூள் வாசத்துக்கு ஒரு கிழட்டுக் கடுவன் பூனை வந்து சேர்ந்தது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. தாடை வீங்கி எச்சில் ஒழுகியது. சோறு வைத்தால் ஆசையாக ஓடி வரும். ஒரு வாய் கவ்வியதும் வலி தாங்காமல் கத்திக்கொண்டு பின்வாங்கும். இப்படியே விட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று தெரிந்தது.

"கோழி வெச்சிருக்கற ஊட்டுல பூனையா? ஊரே சிரிக்குமுங்க" என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே, கோழிக்குஞ்சுகள் வந்த அட்டைப் பெட்டியில் பழைய சாக்கை விரித்துக் கொடுத்தாள். காற்றுக்காகச் சுற்றிலும் துளை போட்ட பெட்டி அது. பூனையை உள்ளே வைத்துக் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

குழந்தைகளே, எங்கள் பக்கத்தில் குஞ்சுப் பெட்டியைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர், "எந்தப் பண்ணைக் குஞ்சுங்க? பாக்கலாமுங்களா?" என்று கேட்டபடியே கயிற்றைத் தளர்த்திவிட்டார். நான் தடுப்பதற்குள் மூடி திறந்தது. கிழிந்த காதோடு ஒரு தலை எழும்பி, "மியாவ்!" என்றது. மீசைக்காரர் அடுத்தவர் மடியில் போய் விழுந்தார்!

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.

"ஏனுங்க, மியாவ்ங்கற குஞ்சு எந்த ஊர்ல கெடைக்குது?" என்றார் கண்டக்டர்.

"கோழிக்குக் காவல் பூனையாமா!" என்றது ஒரு குரல்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். மீசைக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நானும் வாரேனுங்க. ஒத்தையாளா இதைப் புடிக்க முடியாது" என்று என்னோடு இறங்கியே விட்டார்.

ஆஸ்பத்திரியில் எருமையும் மாடுமாக நீண்ட வரிசை. டாக்டரோ கிளம்பும் நேரம். முதலில் நின்ற ஒரு அம்மாள் தன் வெள்ளாட்டை ஓரமாக இழுத்தார். "என்ற ஆட்டுக்குக் கால்லதான் புண்ணு. வாய் நல்லா மேயுது. நீங்க போங்க சாமி."

"மாட்டு வாயாப் பாத்துப் பழகுன கை இது" என்று சிரித்த டாக்டர், மரத்துப்போக ஊசி போட்டார். மீசைக்காரர் கையெல்லாம் கீறல் வாங்கிக்கொண்டு பிடித்திருக்க, அழுகிய கடைவாய்ப் பல்லை டாக்டர் பிடுங்கினார். பூனை பெட்டி மூலைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இனியாவது வாய் திறக்குமா? வரிசையே எட்டி எட்டிப் பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் ஆட்டுப்பாலைக் கொட்டாங்கச்சியில் கறந்து நீட்டினார். பூனை முகர்ந்தது. ஒருமுறை நக்கியது. கத்தவில்லை! மறுபடி நக்கியது!

"குடிக்குது! குடிக்குது!" என்று மீசைக்காரர் கூவ, எல்லாரும் போட்ட சத்தத்தில் ஓர் எருமை மிரண்டு கயிற்றையே அறுத்துக்கொண்டது.

அப்புறம் சில வருடங்கள் முட்டைச்சோறு தின்றுகொண்டு அந்தப் பூனை எங்கள் வீட்டில்தான் இருந்தது. இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை; சிரிக்கிறவர்களில் ஒருவராவது கூடவே இறங்கி வருவார் என்றுதான் நம்பத் தோன்றுகிறது.