சேக்காடு முதல் பூவிருந்தவல்லி வரை: ஆட்டோக்காரர் அறிந்த எண்

எழுந்த நஞ்சைத் தான் உண்டு, அதைக் கண்டத்தில் நிறுத்தி, அமுதைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்த பெருமானின் திருவடியை முதற்கண் வணங்குகிறேன். நோயுற்றோர் படுக்கையருகே அவன் அருள் நிற்பதாகுக.

ஆவடியை அடுத்த சேக்காட்டுப் பக்கத்திலிருந்து பூவிருந்தவல்லிக்கு நோயாளியை அழைத்துச் செல்ல வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் இல்லாளுக்கு முதுகெலும்பில் புற்று பரவியிருக்கிறது. இனி வலியைத் தணிப்பதே மருத்துவம் என்று சொல்லி, பூவிருந்தவல்லியிலுள்ள வலி தணிப்பு மையம் ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். வீட்டில் நோயாளியின் வலியை யார், எவ்வாறு கேட்டறிகிறார்கள் என்று அங்கே ஓர் ஆய்வும் நடக்கிறது. நாங்களும் அதில் சேர்ந்தோம். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே இயலாதென்றால் பத்து. காலையும் மாலையும் கேட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த எண்ணைப் பார்த்தே மருத்துவர் மார்ஃபின் மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ செய்வார்.

எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தோராண்டு தரப் பரிசோதகனாக இருந்தவன். அளந்து எழுதுவது எனக்குப் புதிதன்று. மாலைதோறும் அவள் கட்டிலருகே அமர்ந்து ஒரு மணி நேரம் பதிகம் பாடுவேன். முடித்ததும் கேட்பேன். "மூணு" என்பாள். சில நாள் "ரெண்டு." சென்ற முறை நோட்டைப் பார்த்த மருத்துவர், நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டாமலே விட்டார். திருமுறையின் பயன் என்று நான் உள்ளம் குளிர்ந்து வீடு திரும்பினேன்.

பயணம் இரு வாரத்துக்கொரு முறை. முதல் நான்கு முறையும் டோக்கன் வாங்குவதற்காகக் காலை ஆறே முக்காலுக்கே நான் ஆவடியில் பேருந்து ஏறிவிட்டேன். அவள் பக்கத்துத் தெரு மணியின் ஆட்டோவில் பின்னால் வருவாள். அவர் கைத்தாங்கலாக இறக்கிவிடுவார். திரும்பும்போதும் அவள் ஆட்டோவில், நான் மருந்து வாங்கிக்கொண்டு பேருந்தில். ஆய்வில் இருப்பவர்களுக்கு இப்போது நேரம் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே சென்ற வியாழனன்று, ஐந்தாம் பயணத்தில், முதன்முறையாக நானும் அதே ஆட்டோவில் ஏறினேன். காலை மணி ஒன்பது பத்து.

நெற்றியில் நீறிட்டுப் பாட வாயெடுத்தேன். மணி வண்டியைக் கிளப்பாமல் பின்னால் திரும்பினார்.

"இன்னாம்மா, இன்னிக்கு எத்தினி?"

"ஏழு இருக்கும் மணி. காலையிலேர்ந்தே குத்துது."

என் பையில் இருந்த நோட்டில் அன்று காலைக்கான எண், என் கையெழுத்தில், மூன்று.

"அஞ்சுக்குள்ளன்னா ஏரி ரோட்ல நேரா வுட்டுர்லாம் சாமி," என்று மணி எனக்கு விளக்கினார். "ஏழுன்னா வோணாம். பருத்திப்பட்டாண்ட பைப்புக்கு நோண்டி போட்டுக்கீறாங்கோ. உள்ள பூந்து போலாம். ரெண்டு கிலோமீட்டரு ஜாஸ்தி, ஆனா அம்மாவுக்கு குலுங்காது."

நேர்வழி பதினொரு கிலோமீட்டர். நாங்கள் போனது பதின்மூன்று. ஒவ்வொரு வேகத்தடைக்கும் இருபதடி முன்னாலேயே மணி "மேடும்மா" என்பார். இவள் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். எத்தனை முறை பழகிய காரியம் அது!

"ஏன்டா மணி, பத்துன்னு சொன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள்.

"வண்டிய இங்கயே ஓரங்கட்டிட்டு டாக்டர இட்டுகினு வந்துருவேன்மா. அவரு குலுங்கட்டும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

சென்னீர்குப்பத்தில் ஒரு தேநீர்க்கடை முன் வண்டி நின்றது. கடைக்காரர் கேளாமலே இரண்டு கிளாஸ் நீட்டினார், ஒன்றில் சர்க்கரை தூக்கலாக. எனக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அழுக்காறு ஆகாதென்று கோயில் மண்டபத்தில் பல்லாண்டு பேசியவன் நான். பன்னிரண்டு ரூபாய்த் தேநீரை அன்று பாதியிலேயே வைத்துவிட்டேன்.

மணி கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போன சமயம் அவளிடம் கேட்டேன்: "என்னிடம் மூன்று, அவனிடம் ஏழா?"

அவள் தெருவைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பாடுறீங்க. பாடி முடிச்சு, கண்ணு நிறைய ஆசையா 'இப்ப எவ்வளவு'ன்னு கேக்கறீங்க. ஏழுன்னு எப்படிங்க சொல்றது?"

"அவனிடம் மட்டும்?"

"அவன்கிட்டப் பொய் சொன்னா எனக்குத்தானே குலுங்கும்."

பையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டு வாரம் அவள் பட்ட வேதனைக்கு என் நோட்டே காரணம். நான் பாடப் பாட அவள் எண்ணைக் குறைத்திருக்கிறாள். எண் குறையக் குறைய நான் இன்னும் பாடியிருக்கிறேன்.

பத்து மணிக்கு மையம் சேர்ந்தோம். ஆய்வுச் செவிலியர் நோட்டைக் கேட்டார். கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கப் போவதில்லை. பிறகு சொன்னேன்: "சிஸ்டர், இதில் இருப்பது இவள் வலியன்று. என் மனம் நோகக்கூடாதென்று இவள் சொன்ன எண்கள்."

அவர் வியக்கவில்லை. "நெறய வீட்ல இப்படித்தான் ஐயா. கிழிச்சுப் போட்டுடாதீங்க, ஆய்வுக்கு அதுவும் வேணும். அம்மாகிட்ட நான் தனியா கேட்டுக்கறேன். போன தடவைங்கல்லாம் எவ்வளவு இருந்துச்சு, ஞாபகம் இருக்காம்மா?"

"மணிக்கு இருக்கும்," என்றாள் என் இல்லாள்.

ஐம்பதாண்டு உடன் வாழ்ந்தவன் வெளியே பெஞ்சில்; நான்கு முறை வண்டி ஓட்டியவர் உள்ளே. கதவு சாத்தியிருந்தும் மணியின் குரல் கேட்டது. "மொத தபா ஆறு. அப்பால ஏழு. மழ பேஞ்ச அன்னிக்கு ஒம்போது, பாவம், பேசவே இல்ல. போன தபா எட்டு."

வெளியே வந்த மணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கோச்சிக்காத சாமி. நீ பாடுறத அம்மா எம்மாம் பெருமையா சொல்லும் தெரியுமா?"

அதனாலும் எனக்கு ஆறுதல் இல்லை. அதையும் அவரிடம்தானே சொல்லியிருக்கிறாள்.

மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். இடையில் வலி பொறுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளத் தனியாக ஒன்றும், மலச்சிக்கலுக்கு மருந்தும் கொடுத்தார். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கச் செய்து ஒரு மணி நேரம் அமர்த்தி வைத்தார்கள். திரும்பும்போது மணி கேட்க, "நாலு" என்றாள். ஏரிச் சாலையில் நேராகவே வந்தோம், முப்பத்தைந்து நிமிடம். காத்திருப்பும் சேர்த்துப் போகவர அறுநூறு ரூபாய்.

செல்பவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். மார்ஃபின் மாத்திரையைச் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் மட்டும் கொடுங்கள். பயந்து குறைக்கவும் வேண்டாம், இரக்கப்பட்டுக் கூட்டவும் வேண்டாம். முதுகு நோவுள்ளவரை ஆட்டோவின் நடுவில் உட்கார வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: நோயாளியிடம் எண்ணைக் கேட்பவர், அந்த எண்ணால் மனம் உடையாதவராக இருக்க வேண்டும். அன்புள்ளவர் எல்லோரும் அதற்குத் தகுந்தவர் அல்லர்.

இப்போது நோட்டு அவளிடமே இருக்கிறது. நான் கேட்பதில்லை. ஞாயிறு மாலை நான் பாட அமர்ந்தபோது அவளே சொன்னாள்: "ஆறு. இன்னிக்குப் பாட்டு வேணாம். காலைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்க." இடையில் கொடுக்கச் சொன்ன மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காலைப் பிடித்தேன். மனைவிக்கு வலி ஆறு என்று கேட்டு நெஞ்சு நிறைந்தவன் உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதே எண்ணை, அன்று காலை நலம் விசாரிக்க வந்துபோன மணியிடம் முன்னதாகச் சொல்லிவிட்டாளா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

இதைப் படிக்கும் உங்கள் குடும்பம் நோயின்றி நீடு வாழ்க. நோய் வந்தே தீருமெனில் மருந்தும் நல்ல சாலையும் கிட்டுக. உங்கள் வீட்டில் வலிப்பவர் உண்மையைச் சொல்லத் தேடும் செவி, பெருமான் அருளால், உங்களுடையதாகவே இருப்பதாக.